மூளைச் சமிக்ஞைப் பயிற்சி வகுப்பு, லாஸ்பேட்டை: முதல் நாளும் இரண்டாம் நாளும்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு தனியார் பயிற்சி மையம் வார இறுதியில் நடத்திய, மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. முறையின் தரவுப் பகுப்பாய்வு வகுப்புக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து இரண்டு நாளும் பேருந்தில் சென்று வந்தேன். திரைப்படம் பார்த்துக்கொண்டிருப்பவரின் மூளையிலிருந்து கிடைக்கும் சமிக்ஞையில் ஃபிராக்டல் ஒழுங்கை, அதாவது சிறு துண்டும் பெரிய துண்டும் ஒரே சாயலில் இருப்பதைக் கண்டறிவதுதான் பாடம். முதல் நாளுக்காக இதில் தாராளமாகச் சேரலாம். இரண்டாம் நாளை மையம் திருத்தியமைக்க வேண்டும்.

முதல் நாள் காலை மடிக்கணினியைத் திறக்கவே ஆசிரியர் விடவில்லை. நைல் நதியிலிருந்து தொடங்கினார். நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைக் கணிப்பதற்காக நைலின் நீர்வரத்துப் பதிவுகளை ஆராய்ந்த ஹரால்ட் எட்வின் ஹர்ஸ்ட், வெள்ள ஆண்டுகளும் வறண்ட ஆண்டுகளும் தனித்தனியே வராமல் கூட்டங்கூட்டமாக வருவதைக் கண்டு 1951இல் எழுதினார். அவர் பெயரால் வழங்கும் அடுக்கெண் 0.5 என்றால் நேற்றைய மதிப்புக்கும் இன்றைய மதிப்புக்கும் தொடர்பில்லை. அது 1ஐ நெருங்க நெருங்கப் பழையதன் சாயல் நெடுநேரம் நீடிக்கிறது. கெடிலமும் தென்பெண்ணையும் பெருக்கெடுப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்தக் கணக்கு ஓர் ஆற்றிலிருந்து பிறந்தது என்பதே பாதித் தயக்கத்தைப் போக்கிவிட்டது.

பிறகுதான் மூளைக்கு வந்தார். இரத்தத்தின் ஆக்ஸிஜன் நிலைக்கேற்ப எம்.ஆர்.ஐ. படத்தின் செறிவு மாறுவதை 1990இல் செய்ஜி ஒகாவா காட்டினார். அந்த மாற்றம்தான் எஃப்.எம்.ஆர்.ஐ. சமிக்ஞை. அதில் மெதுவான அலைகள் பெரிதாகவும் வேகமானவை சிறிதாகவும் இருப்பதால், சில விநாடிகளை எடுத்துப் பார்த்தாலும் சில நிமிடங்களை எடுத்துப் பார்த்தாலும் ஏற்ற இறக்கம் ஒரே சாயலில் தெரிகிறது. இதை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு, ஓய்விலிருக்கும்போது உயர்ந்திருக்கும் அடுக்கெண் ஒரு பணியில் ஈடுபடும்போது குறைகிறது என்று நரம்பியல் ஆய்வாளர் பியூ ஹே 2011இல் காட்டியதை எடுத்துச் சொன்னார். சதுரக் கட்டங்களை மினுக்கிக் காட்டும் சோதனையைவிடத் திரைப்படம் அன்றாடப் பார்வைக்கு நெருக்கமானது என்பதால், அந்நிலையில் அடுக்கெண் எவ்வாறு நடந்துகொள்கிறது என்ற கேள்வி என்னை உண்மையாகவே ஈர்த்தது.

அன்று மதியம் செய்த பயிற்சியை நான் மறக்க மாட்டேன். 64 மதிப்புகளிலிருந்து சராசரியைக் கழித்து, மிஞ்சியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி வரைபடத் தாளில் குறித்தோம். அந்தக் கோட்டை 4, 8, 16 புள்ளிகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் நேர்க்கோட்டுப் போக்கை நீக்கி, எஞ்சிய ஏற்ற இறக்கத்தை அளந்தோம். துண்டு பெரிதாகும்போது அந்த ஏற்ற இறக்கம் எந்த விகிதத்தில் வளர்கிறது என்பதுதான் அடுக்கெண் என்பது அப்போது கைக்கே புரிந்தது. எந்த மென்பொருளும் எனக்கு அதை அவ்வளவு தெளிவாகக் கற்றுத் தந்ததில்லை.

இரண்டாம் நாள், ஜெர்மனியின் மக்டேபர்க் நகரத்து ஆய்வாளர்கள் எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டுள்ள ஸ்டடிஃபாரஸ்ட் தரவை எடுத்தார்கள். 15 பேர் இரண்டு மணி நேரப் படம் ஒன்றை எட்டுப் பகுதிகளாகப் பார்த்தபோது, 2 விநாடிக்கு ஒரு மூளைப் படமாக எடுக்கப்பட்ட அருமையான தரவு அது. ஆனால் வகுப்பில் எட்டுப் பகுதிகளையும் ஒரே சரமாக ஒட்டிக் கணக்கிட்டார்கள். ஒட்டிய இடத்தில் மதிப்பு திடீரெனத் தாவும். அந்தத் தாவல்கள், பழையதன் சாயல் நீடிக்காதபோதும் நீடிப்பதாகக் காட்டி அடுக்கெண்ணை உயர்த்தக்கூடும். ஸ்கேன் கருவியின் அளவீடு மெல்ல மெல்ல விலகுவதும் தலை அசைவும் அதே தவறான உயர்வைத் தரலாம், அவற்றையும் நீக்கவில்லை. மதிப்புகளைக் கலைத்துப்போட்டு ஒப்பிடும் சோதனையும் இல்லை. நான் கேட்டபோது நேரமில்லை என்றார்கள். அன்றிரவு வீட்டில் பகுதி பகுதியாகக் கணக்கிட்டதில் அடுக்கெண் குறைந்தது, பகுதிக்குப் பகுதி மாறவும் செய்தது. கால் மணி நேரப் பகுதியொன்றில் சுமார் 450 புள்ளிகளே இருப்பதால் அந்தத் தடுமாற்றம் இயல்புதான். அதை மாணவர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

மதிய உணவு கட்டணத்தில் அடக்கம். மடிக்கணினியை நாமே கொண்டுபோக வேண்டும். அடுத்த வகுப்பில் சேர விரும்புகிறவர்கள், பகுதிகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டுக் காட்டுவார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.