பழைய ட்யூனரில் எது ஏற்றது: வால்வா, கேங் கன்டென்சரா, சின்தசைஸரா?

வீட்டு ஸ்டீரியோவில் டர்ன்டேபிளும் ஆம்ப்ளிஃபையரும் தங்கள் வேலையை நான்கு சுவர்களுக்குள்ளேயே முடித்துக்கொள்கின்றன; வானொலி நிலையங்களைப் பிடித்துத் தரும் ட்யூனர் மட்டும்தான் கூரைக்கு மேலே வரும் அலைகளை நம்பிப் பிழைக்கிறது. ஒரே ட்யூனர் ஒரு வீட்டில் தெளிவாகப் பாடுவதும், சில தெருக்கள் தள்ளி இன்னொரு வீட்டில் ஓயாமல் இரைவதும் இதனால்தான். ஆகவே, "எது சிறந்த பழைய ட்யூனர்?" என்ற கேள்விக்குப் பெயர்ப் பட்டியலால் விடை சொல்ல முடியாது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் இடத்தில் அலைகள் எவ்வளவு வலுவாக வருகின்றன, நிலையங்கள் எவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கின்றன என்ற இரண்டையும் முதலில் அறிந்துகொண்டால், 1960களின் வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) ட்யூனர், 1970களின் கேங் கன்டென்சர் (ஒரே அச்சில் சுழலும் தகட்டு மின்தேக்கிகளால் நிலையம் பிடிக்கும்) ட்யூனர், 1980களின் சின்தசைஸர் (மின்னணுச் சுற்றே அதிர்வெண்ணைத் துல்லியமாக அமைக்கும்) ட்யூனர் ஆகிய மூன்று தலைமுறைகளில் எது பொருந்தும் என்பது பெரும்பாலும் தானே தெளிவாகிவிடும்.

அதற்கும் முன்பாக ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். நார்வே 2017ஆம் ஆண்டிலேயே தன் தேசிய நிலையங்களை எஃப்.எம்.மிலிருந்து டிஜிட்டல் வானொலிக்கு மாற்றிவிட்டது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் 31 அன்று தன் எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்தியது. நீங்கள் விரும்பிக் கேட்கும் நிலையம் இன்னும் பல ஆண்டுகள் எஃப்.எம்.மில் இருக்குமா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு விலையுயர்ந்த ட்யூனரில் பணம் போடுவது விவேகமன்று.

மூன்று தலைமுறைகளையும் நிறுத்துப் பார்க்க, எஃப்.எம். ஸ்டீரியோ வேலைசெய்யும் விதத்தைச் சிறிது நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1961இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட பைலட் முறைதான் இன்றும் உலகெங்கும் பெருமளவில் வழக்கில் இருக்கிறது. இடது, வலது ஒலிகளின் கூட்டுத்தொகை சாதாரண மோனோ (ஒற்றைத் தட) ஒலியாகவே செல்கிறது. அவற்றின் வேறுபாடு 38 கிலோஹெர்ட்ஸ் துணை ஊர்தி அலையின் (ஒலியைச் சுமந்து செல்லும் கூடுதல் அலையின்) மேல் ஏறி, 23 முதல் 53 கிலோஹெர்ட்ஸ் வரையிலான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் துணை ஊர்தி அலையை மீட்டெடுக்க வழிகாட்டியாக 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு பைலட் ஒலி கூடவே வருகிறது. எஃப்.எம்.மில் இரைச்சல் உயர் அதிர்வெண்களில்தான் அதிகம் என்பதால், மேலே இருக்கும் அந்த வேறுபாட்டுப் பகுதி இரைச்சலையும் சேர்த்து வாரிக்கொண்டு வருகிறது. இதன் விளைவாக, அதே நிலையத்தை மோனோவில் கேட்பதைவிட ஸ்டீரியோவில் கேட்கும்போது இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபெல் கூடிவிடுகிறது. விளம்பரத் தாள்களில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் மோனோ உணர்திறன் (எவ்வளவு மெலிந்த அலையைப் பிடிக்கும் என்ற) எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதற்காகவே. ஸ்டீரியோவில் 50 டெசிபெல் அமைதி (ஒலியைவிட இரைச்சல் 50 டெசிபெல் தாழ்ந்திருப்பது) கிடைக்க எவ்வளவு வலுவான அலை தேவை என்ற எண்ணே ஸ்டீரியோ கேட்பவருக்குப் பயன்படும்.

முதலில் வால்வு ட்யூனரை எடுத்துக்கொள்வோம். 1964 வாக்கில் வெளிவந்த மராண்ட்ஸ் 10பி, முகப்பில் ஒரு சிறிய ஆசிலாஸ்கோப் திரையையே வைத்திருந்தது. நிலையம் சரியாக நடுவில் பிடிபட்டிருக்கிறதா, கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் கலக்கின்றனவா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதை உருவாக்க ஆன செலவு, அந்த நிறுவனத்தையே சூப்பர்ஸ்கோப் நிறுவனத்துக்கு விற்கும் நிலைக்குத் தள்ளியதில் பெரும்பங்கு வகித்தது. மெக்கின்டாஷ், ஃபிஷர், ஸ்காட் ஆகியவற்றின் வால்வு ட்யூனர்களும் இந்த வரிசையில் வைத்து மதிக்கத்தக்கவை. இவற்றின் ஒலி இனிமையானது என்று சொல்லப்படுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இனிமைக்கு வால்வு மட்டுமே காரணமன்று. இவற்றில், பிடித்த நிலையத்தின் அலையை 10.7 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக் கையாளும் இடைநிலைப் (ஐ.எஃப்.) பகுதியில் ஃபில்டர் வேலையைச் செய்பவை சுருள்களும் மின்தேக்கிகளும் கொண்ட ஐ.எஃப். டிரான்ஸ்பார்மர்கள். அவை அகலமாகவும் மென்மையான சரிவோடும் அலையைக் கடத்துவதால், ஒலியில் திரிபு குறைவாக இருக்கிறது. அதே காரணத்தால்தான், பக்கத்தில் ஒரு வலுவான நிலையம் இருந்தால் அதையும் உள்ளே விட்டுவிடுகின்றன.

வால்வு ட்யூனரை வாங்குவோர் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். 1961க்கு முந்தையவை மோனோ மட்டுமே தரும்; பின்பக்கத்தில் மல்டிப்ளெக்ஸ் என்று எழுதிய ஒரு துளை இருந்தால், அதில் தனியாக ஒரு ஸ்டீரியோ அடாப்டரை இணைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். சூடேறி நிலைகொள்ள இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும்; அதுவரை நிலையம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே ஓடுவது உயிருக்கு ஆபத்தான உயர் மின்னழுத்தம். அரை நூற்றாண்டு கடந்த மின்தேக்கிகளை மாற்றாமல் நேரடியாக மின் இணைப்புக் கொடுப்பது, ஈடுசெய்ய முடியாத பவர் டிரான்ஸ்பார்மரை எரித்துவிடக்கூடும். வால்வு வேலையில் தேர்ந்த ஒரு மெக்கானிக் அருகில் இல்லாதவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது கேங் கன்டென்சர் ட்யூனர். என் மனம் இதன் பக்கமே சாய்கிறது என்பதை மறைக்கப் போவதில்லை. 1970களில் இந்த வகைக் கருவிகளுக்கிடையே நடந்த போட்டியைப் போன்ற ஒன்று அதற்குப் பின் நடக்கவில்லை: கென்வுட் கேடி-7500, சான்சுயி டியு-717, டியு-9900, பயனியர் டிஎக்ஸ்-9500 வரிசை, யமஹா சிடி-7000 ஆகியவை ஒன்றையொன்று விஞ்ச முயன்ற காலம் அது. இவற்றின் பலம் இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, ஆன்டெனாவின் அலையை முதலில் ஏற்கும் முன்பகுதி. காற்றை மின்காப்பாகக் கொண்ட தகடுகளால் ஆன கேங் கன்டென்சர், வலுவான அலை வந்தாலும் தன் இயல்பு மாறாமல் நிற்கும். மூன்று கேங்கைவிட (தகட்டு அடுக்கைவிட) நான்கும், நான்கைவிட ஐந்தும் வேண்டாத அலைகளைக் கூடுதலாகத் தடுக்கும். ஒலிபரப்புக் கோபுரத்துக்கு அருகில் குடியிருப்பவருக்கு இந்த எண்ணிக்கை வெறும் அலங்காரம் அன்று. இல்லாத இடங்களில் எல்லாம் ஒரே நிலையம் முளைப்பதை அதுதான் தடுக்கிறது.

இரண்டாவது பலம், செராமிக் ஃபில்டரும் அதற்கான அகலம்–குறுகல் ஸ்விட்சும். ஸ்டீரியோ எஃப்.எம். அலை, 75 கிலோஹெர்ட்ஸ் விலகலையும் 53 கிலோஹெர்ட்ஸ் பண்பேற்றத்தையும் கணக்கில் கொண்டால் சுமார் 256 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை எதிர்பார்க்கிறது. 280 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் அதைத் திரிபின்றிக் கடத்தும். 150 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் பக்கத்து நிலையத்தை வெட்டித் தள்ளும், ஆனால் வேண்டிய நிலையத்தின் ஓரங்களையும் சேர்த்து வெட்டுவதால் திரிபு ஏறி, இடது வலது பிரிவும் சுருங்கும். இரண்டையும் ஒரே ஃபில்டரால் பெற முடியாது; எனவே தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள ஸ்விட்ச் இருப்பதே நேர்மையான தீர்வு. 1972இல் வந்த மெக்கின்டாஷ் எம்.ஆர்.78, வழக்கமான நிலை, குறுகிய நிலை, மிகக் குறுகிய நிலை என மூன்று படிகளைத் தந்து, தொலைதூர நிலையங்களைத் தேடுவோரின் கனவாக மாறியது. ஆனால் பக்கத்து நிலையத் தொல்லையே இல்லாத இடத்தில் வசிப்பவர் அந்தப் பெயருக்காக அதை வாங்கினால், பயன்படுத்தவே போகாத திறனுக்கு விலை கொடுக்கிறார்.

பக்கத்து நிலையத்தை ஒதுக்கும் திறனைக் காட்டும் தேர்திறன் எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. தாளில் 80 டெசிபெல் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 400 கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் நிலையத்துக்கான அளவு. 200 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே தள்ளியிருக்கும் பக்கத்து நிலையத்துக்கான எண், அகல நிலையில் ஒற்றை இலக்கத்திலேயே நின்றுவிடுவதுண்டு. இரண்டு ட்யூனர்களை ஒப்பிடுவோர் ஒரே வகை எண்ணை எடுத்து ஒப்பிட வேண்டும். எதிரொலிக்கும் அலைகள் மிகுந்த இடத்தில் இருப்பவர் கேப்சர் விகிதத்தையும் (ஒரே அதிர்வெண்ணில் வரும் இரண்டு அலைகளில் வலுவானதை மட்டும் பிடிக்கத் தேவையான வலு வேறுபாட்டையும்) பார்க்கலாம். அது ஒரு டெசிபெல் அளவுக்கு இறங்கியிருந்தால் நல்லது.

இந்தத் தலைமுறையின் குறை, நிலைபெயர்தல். வெப்பம் மாறும்போது நிலையத்தைத் தேர்ந்தெடுக்க அலையை உருவாக்கும் உள் ஆசிலேட்டரும் மெல்ல நகரும். அதைத் தடுக்கும் ஏ.எஃப்.சி. (தானியங்கி அதிர்வெண் கட்டுப்பாடு) அமைப்பு, வலுவற்ற நிலையத்தைக் கேட்கும்போது அருகிலுள்ள வலுவான நிலையத்தின் பக்கம் இழுத்துச் செல்வதும் உண்டு. 1970களின் இறுதியில் வந்த, குவார்ட்ஸ் படிகத்தைத் துணைகொண்டு அதிர்வெண்ணைப் பூட்டிவைக்கும் குவார்ட்ஸ் லாக் இதற்கு நல்ல மருந்தாக அமைந்தது. அதே காலத்தில் கென்வுட் கேடி-917 போன்றவை பல்ஸ் கவுண்ட் (துடிப்புகளை எண்ணும்) முறையில் ஒலியைப் பிரித்தெடுத்துத் திரிபை மேலும் குறைத்தன. எனினும் எஃப்.எம்.மில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி ஒலிபரப்பப்படுவதே இல்லை. பல நிலையங்கள் ஒலியைக் கம்ப்ரெஸரால் (மெல்லிய, உரத்த ஒலிகளின் இடைவெளியைக் குறைக்கும் கருவியால்) இறுக்கிய பிறகே அனுப்புகின்றன. அந்த இறுக்கத்தை எந்த ட்யூனராலும் அவிழ்க்க முடியாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, தாளில் தெரியும் திரிபின் கடைசிப் பத்தில் ஒரு பங்கைத் துரத்துவதை நிறுத்திக்கொள்ளலாம்.

சின்தசைஸர் ட்யூனர் மூன்றாவது. எண்ணில் அதிர்வெண்ணைக் காட்டும் திரை, பொத்தானை அழுத்தினால் உடனே வரும் நிலையம், ஒருபோதும் நகராத துல்லியம் ஆகியவற்றால், குடும்பத்தில் எல்லோரும் பயன்படுத்தப்போகும் கருவிக்கு இதைவிட வசதியானது வேறில்லை. கேங் கன்டென்சருக்குப் பதிலாக இதில் வேராக்டர் டையோடுகள் (மின்னழுத்தத்துக்கேற்ப மின்தேக்கம் மாறும் சில்லுகள்) இருக்கின்றன. அவை வலுவான அலைகள் மோதும்போது கேங் அளவுக்கு நிதானம் காப்பதில்லை என்பதால், கோபுரத்துக்கு அருகில் மலிவான சின்தசைஸர் ட்யூனர் தடுமாறும். ஆன்கியோ டி-9090 போன்ற மேல்வரிசைக் கருவிகள் இந்தக் குறையைப் பெரிதும் வென்று, மிகக் குறுகிய ஃபில்டரையும் சேர்த்துக் கொடுத்தன. தொலைதூர நிலையங்களைத் தேடுபவருக்கு எம்.ஆர்.78க்கு நியாயமான மாற்றாக நான் கருதுவது இதைத்தான். பராமரிப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. கேங் ட்யூனரில் கெடுபவை, கயிறு, விளக்கு, தகட்டுத் தொடர்பில் படியும் அழுக்கு எனக் கைக்கு எட்டும் பொருள்கள். சின்தசைஸரில் கட்டுப்பாட்டு ஐ.சி. அல்லது ஒளிரும் திரை போனால் அதே மாதிரியின் இன்னொரு கருவியைக் கழற்றித்தான் ஈடுசெய்ய வேண்டியிருக்கும். நினைவகத்துக்கான சிறு பேட்டரி கசிந்து சர்க்யூட் போர்டை அரித்திருக்கிறதா என்பதையும் மூடியைத் திறந்து பார்த்துவிடுவது அவசியம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்போர் பெரும்பாலும் மறந்துவிடும் இரண்டு பொருத்தங்கள் உள்ளன. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட பழைய ட்யூனர்கள் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே பிடிக்கும். ஐரோப்பாவின் பழைய கருவிகள் சில 104 மெகாஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். இரண்டாவது, டீ-எம்ஃபசிஸ்: ஒலிபரப்பில் தூக்கி அனுப்பப்படும் உயர் ஒலிகளை ட்யூனர் மீண்டும் தாழ்த்தும் முறை. அமெரிக்கக் கண்டங்களில் இது 75 மைக்ரோவினாடி, ஏனைய பெரும்பாலான நாடுகளில் 50. 75க்காகச் செய்யப்பட்டதை 50 வழங்கும் நாட்டில் பயன்படுத்தினால், 10 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 3 டெசிபெல் குறைந்து ஒலி மந்தமாகும். மாற்றிப் பயன்படுத்தினால் காதைக் குத்தும். சில கருவிகளின் பின்புறத்தில் இதற்கென ஸ்விட்ச் உண்டு. இல்லாதவற்றில் ஓரிரு மின்தேக்கிகளை மாற்றினால் போதும் என்றாலும், "இந்த ட்யூனரின் ஒலியே இப்படித்தான்" என்று பலர் தவறாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவது வருத்தம் தருகிறது.

இனி, இடத்துக்கேற்ற தேர்வு. நிலையங்கள் வலுவாகவும் நன்கு விலகியும் வரும் இடத்தில், அகல ஃபில்டர் கொண்ட நடுத்தர கேங் ட்யூனர் போதும். அங்கே வால்வு ட்யூனரும் தன் முழு அழகையும் காட்டும். கோபுரத்துக்கு மிக அருகில் இருப்பவர் ஐந்து கேங்குள்ளதைத் தேட வேண்டும். நிலையங்கள் நெருக்கியடித்திருக்கும் இடத்தில் அகலம்–குறுகல் ஸ்விட்ச் இல்லாத எதையும் வாங்க வேண்டாம். வலுக்குறைந்த தொலைதூர நிலையமே இலக்கென்றால், ட்யூனருக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை எடுத்துக் கூரையில் ஒரு யாகி ஆன்டெனாவை (ஒரு திசையை நோக்கி அமைக்கும் பல குச்சி ஆன்டெனாவை) நிறுத்துவதே முதல் வேலை. ஒயர்த்துண்டைத் தொங்கவிட்ட உயர்ந்த ட்யூனரை, நல்ல ஆன்டெனா உள்ள எளிய ட்யூனர் வென்றுவிடும். பழைய கருவிகளில் 300 ஓம் திருகு முனைகள் மட்டுமே இருந்தால், 75 ஓம் கேபிளுக்கும் அவற்றுக்கும் இடையில் ஒரு சிறு பேலன் (இரண்டையும் பொருத்தும் மாற்றி) தேவைப்படும்.

எந்தத் தலைமுறையைத் தேர்ந்தாலும், விற்பவரிடம் கருவியை அரை மணி நேரம் ஓடவிட்டு, நடுமுள் காட்டும் மீட்டர் உள்ள ட்யூனரில் ஒரு வலுவான நிலையத்தைப் பிடியுங்கள். முள் சரியாக நடுவில் நிற்கும் புள்ளியும், திரிபும் இரைச்சலும் மிகக் குறைவாகக் காதில் படும் புள்ளியும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டும் விலகியிருந்தால் அலைன்மென்ட் (உள் சுற்றுகளின் ஒத்திசைவு) கலைந்திருக்கிறது, அல்லது ஐ.எஃப். டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் சிறு மின்தேக்கி அரித்துப்போயிருக்கிறது. ஸ்டீரியோ விளக்கு எரிந்தும் இடதும் வலதும் பிரியாமல் ஒலித்தால் டீகோடரையும் (இடது, வலது ஒலிகளைப் பிரித்தெடுக்கும் சுற்றையும்) சரிபார்க்க வேண்டும். அப்படிப்பட்ட கருவியை ஒதுக்க வேண்டியதில்லை. முறையான சிக்னல் ஜெனரேட்டர் வைத்திருப்பவரிடம் அதைச் சரிசெய்ய ஆகும் கூலியை முன்பே கேட்டு, கேட்கும் விலையிலிருந்து அதைக் கழித்த பிறகு பேரம் பேசுங்கள்.