அஞ்சு நூல் சோலிங்கன் கத்தி: எட்டு மாதம் முகத்தில் வைத்துப் பார்த்தபின்

முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன். பழம்பொருள் கடையில் வாங்கிய மடக்குச் சவரக் கத்தி 900 ரூபாய். அதை முகத்தில் வைக்கிற பதத்துக்குக் கொண்டுவர ஆனது 4,100. தீட்டுகிற கல் 2,600, தீட்டியபின் கத்தியை ஓட்டி எடுக்கிற தோல்வார் (ஒரு பக்கம் தோல், மறுபக்கம் துணி) 1,100, வாரில் தடவுகிற பச்சைப் பசை 400. பழைய சவரக் கத்தியால் பிளேடு காசு மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கிற பழம்பொருள் கடைகளுக்கு வெளியூர்க்காரர்கள் நிலைக்கதவு, ரவிவர்மா படம், எனாமல் கேரியர் என்று தேடி வருவார்கள். நான் உள்ளூர், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ் வைத்திருப்பவன். மழைக்கு ஒதுங்கித்தான் ஒரு கடைக்குள் போனேன். பீங்கான் ஜாடிகளுக்கும் பர்மா அரக்குச் சாமான்களுக்கும் நடுவே ஒரு எனாமல் தட்டில் சாவிகளோடு கலந்து ஐந்து மடக்குக் கத்திகள் கிடந்தன.

அதற்கு முன்பே எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்திருந்தது. ஆன்லைனில் 650 ரூபாய்க்கு 'ஷேவிங்குக்குத் தயார்' என்று எழுதியிருந்த புதுக் கத்தி ஒன்று வாங்கினேன். அது வெண்ணெய் தடவத்தான் தயார். கன்னத்தில் வைத்து இழுத்தால் முடி அறுபடாது, கண்ணில் தண்ணீர் வரும். பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் கத்தியைச் சாணைக்கு அனுப்பிப் பழகிய திமிரில், இதையும் கத்தரிக்கோல் தீட்டுகிறவரிடம் கொடுத்தேன். சக்கரத்தில் நாலு தடவை வைத்து எடுத்தார். வாயோரம், அதாவது வெட்டுகிற விளிம்பு, நீலம் பாய்ந்துவிட்டது. சூட்டில் எஃகின் பதம் போய்விட்டால் அப்புறம் எந்தக் கல்லும் உதவாது. அவர் மேல் தப்பில்லை, என்ன கத்தி என்று தெரிந்தே கொடுத்தவன் நான். இப்போது அதில் பார்சல் பிரிக்கிறேன்.

அந்தப் பாடத்தோடு போனதால் கடையில் அவசரப்படவில்லை. மடக்கிப் பார்த்தேன், அலகு பிடியின் இரண்டு பக்கமும் தொடாமல் நடுவில் இறங்குகிறதா என்று. முதுகைப் பார்த்தேன். நிறையத் தீட்டிய கத்தி என்றால் முதுகில் பட்டையாகத் தேய்ந்திருக்கும். பிறகு வாய். அலகின் நடுவில் துரு இருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம், வாயோரத்தில் ஊசி குத்தியதுபோல் குழி விழுந்திருந்தால் வைத்துவிட வேண்டும். அப்படித் தள்ளித் தள்ளி ஒன்று மிஞ்சியது. கழுத்தில் சோலிங்கன் என்ற முத்திரை. ஜெர்மனியில் கத்திக்குப் பெயர்போன ஊர், நம் பத்தமடை பாய்க்குப் பெயர்போன மாதிரி. அந்த ஊர் வட்டாரத்தில் செய்த கத்திக்குத்தான் அந்தப் பெயரைப் போடலாம் என்று 1938இலேயே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். அலகின் அகலம் 5/8 அங்குலம், ஆசாரி கணக்கில் அஞ்சு நூல். இரண்டு பக்கமும் குழிவாக அரைத்திருந்தது. நகத்தால் சுண்டினால் மெல்லிசாக ஒரு சத்தம்.

கடைக்காரர் 1,500 சொன்னார். "ஷேவிங்குக்கு ஆகுமா?" என்று கேட்டேன். "இது ஷோகேஸ்ல வைக்கிறதுண்ணே. இதுல யாருண்ணே ஷேவ் பண்றா?" என்றார். அந்த நேர்மைக்காகவே 900க்கு முடித்தேன். கடைக்கு என்னிடம் நல்ல மார்க்தான். பக்கத்தில் இன்னொரு கத்தியை மட்டும் 'தந்தப் பிடி' என்று காட்டினார். பெரும்பாலும் அது செல்லுலாய்டாகத்தான், அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும். நிஜத் தந்தமாக இருந்தால் இன்னும் மோசம், யானைத் தந்தத்தை விற்பதும் வாங்குவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இரண்டில் எதுவானாலும் நமக்கு வேண்டாம்.

தீட்டுவதுதான் இதில் பாதி வித்தை. ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 நம்பர் இருக்கிற தண்ணீர்க் கல் வாங்கினேன். சமையல் கத்தி மாதிரி கோணம் பிடித்துத் தீட்ட வேண்டியதில்லை. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிந்தால் போதும், கோணத்தை முதுகின் கனமே பார்த்துக்கொள்ளும். இதைச் செய்தவனைக் கும்பிட வேண்டும். கல்லில் வாய் முன்னால் போகும். வாரில் நேர்மாறு, முதுகு முன்னே, வாய் பின்னே. ஓர் ஓட்டம் முடிந்ததும் கத்தியை முதுகின் மேல்தான் உருட்டித் திருப்ப வேண்டும். மூன்றாம் நாள் நான் வாயின் மேல் திருப்பிவிட்டேன். 1,100 ரூபாய் வாரில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். தினமும் அந்த இடத்தைக் கத்தி தாண்டும்போது 'டக்' என்று கேட்கும், எனக்கு வயிற்றைப் பிசையும்.

கத்தி சரியாக வந்துவிட்டதா என்று எங்கள் தெரு முனை சலூனில் காட்டினேன். சலூன்காரர் எழுபதைத் தாண்டியவர். அவரே இப்போது பிளேடை இரண்டாக ஒடித்துச் செருகுகிற கத்திதான் வைத்திருக்கிறார். "எய்ட்ஸ் பயம் வந்தப்ப இதெல்லாம் கட்டி வச்சது தம்பி" என்று சொல்லிக்கொண்டே வாங்கி, முழங்கை முடியில் ஒரு தரம் ஓட்டினார். முடி தெறிக்கவில்லை, என்னை உட்காரச் சொல்லி நாற்காலியைத் திருப்பவுமில்லை. "இன்னும் வரல. பிசிறு நிக்குது." வார் முழுக்கப் பச்சைப் பசை தடவி வைத்திருக்கிறேன் என்றதும் சிரித்தார். "அதத் துணிப் பக்கம் தடவுங்க. தோலுக்கு வெறும் கைதான்." அடுத்த வாரம் துணியில் இருபது, தோலில் ஐம்பது ஓட்டம் என்று ஓட்டிக் கொண்டுபோனேன். இந்தத் தடவை முடி தெறித்தது. ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைக் காட்டினார்.

அவர் சொல்லிக் கொடுத்தது கத்தி பிடிக்கிற கையைப் பற்றியே இல்லை, மற்றக் கையைப் பற்றி. காதோரத் தோலை விரலால் மேலே இழுத்து, முரசுத் தோல் மாதிரி ஆனபிறகுதான் கத்தியைத் தொடவிட்டார். முதுகுக்கும் கன்னத்துக்கும் இடையே முதுகின் கனத்தைப்போல் இரண்டு பங்கு இடைவெளி. அமுக்கக் கூடாது. நீளவாக்கில் ரம்பம் அறுப்பதுபோல் அரை நூல் நகர்ந்தாலும் வெட்டுதான். "நீங்க தள்ளாதீங்க தம்பி, அது போகும்" என்றார். உண்மையிலேயே போனது. சோற்றுப் பருக்கையை நசுக்கியதுபோல் மெல்லிய சத்தத்தோடு, நுரைக்கு அடியில் இருந்த கறுப்பை எடுத்துக்கொண்டு போனது.

முதல் மாதம் கன்னம் இரண்டும் மட்டும்தான், மோவாயும் மீசைக்கு மேலும் பழைய ரேசருக்கு. மோவாயில் அவசரப்பட்டு இரண்டு தழும்பு வாங்கினேன். நாட்டு மருந்துக் கடையில் பத்து ரூபாய்ப் படிகாரம் எப்போதும் கைவசம் இருக்கட்டும். நுரைக்குத் தண்ணீரும் முக்கியம். எங்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரில் தயிர் மாதிரி திரளுகிற அதே சோப்பு, மாமனார் வீட்டு போர் தண்ணீரில் திரிதிரியாகப் போய்விடுகிறது. அங்கே போகும்போது கத்தியையே எடுத்துப் போவதில்லை. அம்மா இருக்கும் வரை செவ்வாய், வெள்ளியும் கிடையாது, வாதாடிப் பார்த்துவிட்டேன்.

இப்போது இருபது நிமிடம் ஆகிறது. ஆபீஸ் பஸ் பிடிக்கிறவர்களுக்கு இது சரிப்படாது. துடைத்து, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் தடவி வைக்காவிட்டால் ஐப்பசி மழையில் ஒரே ராத்திரியில் புள்ளி விழும், எனக்கு விழுந்தது.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது தட்டில் இன்னும் மூன்று கிடந்தன. 'தந்த'க்காரனைத் தொடாதீர்கள். கறுப்புப் பிடி போட்டதற்கு வாயில் குதிகால் பக்கம் ஒரு விள்ளல் இருக்கிறது, வெளிச்சத்தில் திருப்பினால்தான் தெரியும். ஆணி ஆடுகிற மூன்றாவது நல்ல கத்தி. 700க்கு மேல் கொடுக்க வேண்டாம்.