உழைப்புக்குப் பிந்தைய முதல் நிமிடம்: ஸ்மார்ட் வாட்சுடன் இரண்டு ஆண்டுகள்

இதயத்துடிப்பை அளக்கும் ஸ்மார்ட் வாட்ச் ஒன்றை இரண்டு ஆண்டுகளாகக் கட்டிவருகிறேன். வாங்கிய புதிதில் காலடிக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பொருட்படுத்துவது, உழைப்பை நிறுத்திய முதல் நிமிடத்தில் துடிப்பு எத்தனை இறங்குகிறது என்பதை மட்டுமே.

நான்கு மாடிகளை நிற்காமல் ஏறி, கைப்பிடியைப் பற்றியபடி முதன்முறை அளந்தபோது 148இலிருந்து 134க்குத்தான் வந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவமனையின் மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வு, முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்கும் குறைவாக இறங்குவதை இயல்புக்கு மாறானது என வகுத்திருந்ததால் சற்றுக் கலங்கினேன். அது டிரெட்மில்லில் இயன்ற மட்டும் உழைத்தபின், மெதுவாக நடந்துகொண்டே அளந்தது என்பதும், என் படிக்கட்டு எண்ணை என் பழைய எண்ணோடு மட்டுமே ஒப்பிட முடியும் என்பதும் பிறகுதான் புரிந்தன. உழைப்பு நின்றதும், இதயத்துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு மீண்டும் கடிவாளத்தைப் பிடிப்பதே இந்த இறக்கத்துக்கு முக்கியக் காரணம். இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு.

முதல் எட்டு மாதங்கள் நாள்தோறும் 10,000 காலடிகள் நிதானமாக நடந்தும் எண் 14, 16 என்றே நின்றது. பிறகு லிஃப்டைத் தவிர்த்து, போகிற இடத்துக்கெல்லாம் மூச்சு வாங்கும் வேகத்தில் நடக்கத் தொடங்கினேன். உடற்பயிற்சி ஒவ்வொரு முறையும் பத்து நிமிடமாவது நீடிக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனமே 2020இல் கைவிட்டிருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. ஐந்து மாதங்களில் இறக்கம் 22ஐத் தொட்டது. அதே காலத்தில் உறக்கமும் சீரானது என்பதால், முழுப் பெருமையையும் படிக்கட்டுக்கே கொடுக்க மனம் ஒப்பவில்லை. இடையில் ஒரு காய்ச்சல் அதை 15க்குத் தள்ளியது. பழைய நிலைக்கு வர இரண்டு வாரம் ஆயிற்று.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டை தளர்ந்திருந்தால், துடிப்பை அளக்கத் தோலில் பாயும் பச்சை ஒளி அதை விட்டுவிட்டுக் காலடியின் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே இறுக்கிக் கட்டியபின் இது குறைந்தது. துடிப்பை மார்பிலேயே அளக்கும் பட்டை ஒன்றை இரவல் வாங்கி ஒப்பிட்டபோது, வாட்ச் சில நொடிகள் பின்தங்கி உச்சத்தைத் தவறவிடுவது தெரிந்தது. இந்த முதல் நிமிட இறக்கத்தைக் காட்டும் மீட்சி எண்ணை ஏனோ மூன்று திரைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, ‘முடி’ பொத்தானை இருபது நொடி தாமதித்து அழுத்தினால், பாதி இறங்கிவிட்ட துடிப்பையே தொடக்கமாக எடுத்துக்கொள்கிறது. அதனால் கடைசிப் படியில் கால் வைக்கும்போதே விரலைப் பொத்தான்மேல் வைத்திருக்கிறேன்.