கடலில் தீர்க்கரேகை: கடிகாரமா, நிலவா?

தீர்க்கரேகையை அரை பாகைக்குள் சொல்லும் வழிக்கு 20,000 பவுண்டு பரிசு என்று 1714-இல் பிரிட்டன் அறிவித்தது. கடைசியில் மோதியவை இரண்டு வழிகள்: கடிகாரம், நிலவு.

ஜான் ஹாரிசனின் கடிகார வழியில் கணக்கு குறைவு. சூரியன் உச்சியில் நிற்கும்போது கிரீன்விச் நேரம் தெரிந்தால் போதும். அந்த இடத்தின் நண்பகலுக்கும் கிரீன்விச் நேரத்துக்கும் 4 நிமிட வித்தியாசம் என்றால் ஒரு பாகை. சிக்கல் எல்லாம் இயந்திரத்தில்தான். வெப்பத்தில் சுருள்வில் தளர்ந்து கடிகாரம் பின்தங்கும். பித்தளையும் எஃகும் சேர்ந்த பட்டை அதை ஈடுகட்டியது. 1761-62 ஜமைக்கா பயணத்தில் ஹாரிசனின் எச்4 கடிகாரம், முன்பே தெரிந்த தினசரிப் பிசகைக் கழித்தபின், 81 நாளில் சுமார் 5 வினாடியே தவறியது. அற்புதமான வேலைப்பாடு! ஆனால் சாவி கொடுக்க மறந்து நின்றுவிட்டால், கிரீன்விச் நேரமும் போச்சு.

நிலவு நிற்காது. விண்மீன்களிடையே அது நகரும் இடத்தைப் பார்த்து கிரீன்விச் நேரத்தை அறிவதே இரண்டாவது வழி. நிலவுக்கும் ஒரு விண்மீனுக்கும் உள்ள கோணத்தையும், இரண்டின் உயரத்தையும் செக்ஸ்டன்ட் என்ற கோணமானியால் அளந்து, காற்றில் ஒளி வளைவதால் வரும் ஒளிவிலகலையும், பார்க்கும் இடத்தைப் பொறுத்து நிலவு இடம் மாறித் தெரியும் இடமாறு தோற்றப்பிழையையும் திருத்த வேண்டும். நிலவு மணிக்கு அரை பாகைதான் நகர்கிறது. அதனால் அளவில் ஒரு கலை (பாகையில் 60-இல் ஒரு பங்கு) தவறினால் தீர்க்கரேகையில் 30 கலை தவறும். அமாவாசையை ஒட்டிய நாட்களில் வழியே இல்லை. முதலில் நான்கு மணி நேரம் பிடித்த கணக்கை, நிலவின் கோணங்களை முன்கூட்டியே கணித்துத் தந்த 1767-இன் கடல் பஞ்சாங்கம் அரை மணி நேரமாக்கியது.

துல்லியத்தில் கடிகாரமே மேல். ஆனால் எச்4-இன் நகலுக்கே சுமார் 500 பவுண்டு ஆனது. கடிகாரம் மலிவாகும்வரை பெரும்பாலான மாலுமிகளுக்கு நிலவுதான் கைகொடுத்தது.