கட்டாய ராணுவ சேவை: ஆஸ்திரியா சொன்ன ‘ஆம்’, சுவிட்சர்லாந்து சொன்ன ‘ஆம்’

ஆண்களைக் கட்டாயமாகப் படைக்கு அழைப்பது தொடரலாமா? 2013இல் இரண்டு அண்டை நாடுகள் இதைத் தங்கள் மக்களிடமே கேட்டன. ஜனவரியில் ஆஸ்திரியா, செப்டம்பரில் சுவிட்சர்லாந்து. இரண்டும் நடுநிலை நாடுகள். ஜெர்மனி 2011இலேயே கட்டாய சேவையை நிறுத்திவைத்திருந்தது. ஆனாலும் இரண்டு இடத்திலும் ‘தொடரட்டும்’ என்பதே முடிவு: ஆஸ்திரியாவில் ஏறக்குறைய 60 சதவீதம், சுவிட்சர்லாந்தில் 73 சதவீதம்.

எண்கள் ஒரே பக்கம் சாய்ந்தாலும் காரணங்கள் வேறு. ஆஸ்திரிய இளைஞன் ஆறு மாதம் ராணுவத்தில் இருக்க வேண்டும்; துப்பாக்கி தூக்க மனமில்லை என்றால் ஒன்பது மாதம் சமூகப் பணி. செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ்களும் முதியோர் இல்லங்களும் இந்த இளைஞர்களை நம்பியே ஓடுகின்றன. கட்டாய சேவை போனால் அதற்கு மாற்றான இந்தப் பணியும் போய்விடும். ஆகவே விவாதம் எல்லைப் பாதுகாப்பை விட்டு நோயாளியின் வாசலுக்கு வந்துவிட்டது. சமூக ஜனநாயகக் கட்சி தொழில்முறை ராணுவம் கேட்டது. மக்கள் கட்சி பழைய முறையைக் காத்தது. தலைநகர் வியன்னா தொழில்முறை ராணுவத்தின் பக்கம் நின்றது. இளையவர்களில் பெரும்பான்மையோரும் அப்படியே. அழைப்பு வரும் வயதைக் கடந்த மூத்தவர்களின் வாக்குதான் முடிவைத் தீர்மானித்தது. பிறர் வீட்டுப் பிள்ளையின் ஆறு மாதத்தைத் தருவது எளிதுதானே!

சுவிஸ்காரருக்கு ராணுவம் என்பது அன்றாட வாழ்க்கையின் ஒரு பகுதி. அடிப்படைப் பயிற்சிக்குப் பிறகு ஆண்டுகள் பல கழிந்தும் மறுபயிற்சிக்கு அழைப்பு வரும். சேவைத் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்; அதைத் தடுக்கக் கோரிய முயற்சியை 2011இல் மக்களே தோற்கடித்தார்கள். சேவை செய்யாதவர் வருமானத்தில் 3 சதவீதம் வரி கட்ட வேண்டும். அங்கே விழுந்த வாக்கைப் பாதுகாப்புக் கொள்கை பற்றிய கருத்தாக எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்திரிய வாக்கை அப்படி எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

சுவிஸ் வாக்கையும் ராணுவத்துக்குக் கொடுத்த வெற்றுக் காசோலையாக நினைக்க வேண்டாம். 1989இல் ராணுவமே வேண்டாம் என்று 35 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்த நாடு அது. 2014இல் கிரிப்பன் போர் விமானக் கொள்முதலை 53 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். 2020இல் புதிய போர் விமானத் திட்டம் 50.1 சதவீதத்தில் தட்டுத்தடுமாறித் தேறியது. சேவையைப் பெண்கள் உட்பட எல்லோருக்கும் விரிக்கும் யோசனையை 2025 நவம்பரில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் ஒதுக்கித் தள்ளினார்கள்.