கால்வளையப் பறவையைக் கண்டால்: எதில் பார்ப்பது, யாருக்குச் சொல்வது?

1899இல் டென்மார்க்கில் மோர்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர், பறவைகள் எங்கெங்கே போகின்றன என்று அறிய, சூறைக்குருவிகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை இந்த வேலை பாதிதான் ஆய்வாளரின் கையில் இருக்கிறது. மீதிப் பாதி, எங்கோ ஒரு ஊரில் அந்த எண்ணைப் படித்துச் சொல்கிறவரிடம் இருக்கிறது. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சன்னலிலிருந்து பறவை பார்க்கும் நம்மைப் போன்றவர்களும் அந்த மீதிப் பாதியில் சேர்த்திதான். அதனால் எந்தக் கருவி நல்லது, எங்கே பதிவு செய்வது என்று ஒப்பிடும்போது எனக்கு ஒரே அளவுகோல்தான்: எண் பிழையில்லாமல் வளையம் போட்டவரிடம் போய்ச் சேருகிறதா? மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில், சன்னலில் நீங்கள் காணும் வளையம் யார் போட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் மெர்போக் புறா, ஜம்புல் கொண்டைக்குருவி எனக் கூண்டில் வளர்த்துப் பாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோகிறவர்கள் நிறைய. தப்பி வந்த கிளி, பந்தயப் புறா இவற்றின் காலிலும் வளையம் இருக்கும். வளர்ப்பவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இணைப்பே இல்லாத முழு வளையம். குஞ்சாக இருக்கும்போதே பாதத்தின் வழியாக நுழைத்துவிடுவார்கள். காட்டுப் பறவைக்குப் போடுவது திறந்த வளையம். காலைச் சுற்றிச் சாமணத்தால் அழுத்தி மூடியிருப்பார்கள், உற்றுப் பார்த்தால் இரு முனையும் சந்திக்கும் கோடு தெரியும். மனிதரைக் கண்டும் நகராமல், காரிடார் கம்பியில் உட்கார்ந்து உங்களையே பார்க்கும் வளையமிட்ட பறவை என்றால், அக்கம்பக்கத்தில் யாராவது அதைத் தேடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அது ஆய்வுப் பதிவில் சேராது, ஆனால் உரிமையாளருக்கு அது பெரிய செய்தி.

சரி, கருவிக்கு வருவோம். தொலைநோக்கி (8 மடங்கு, 42 மில்லிமீட்டர் என்ற வழக்கமான அளவு) பறவையைக் கண்டுபிடிக்கவும், காலில் ஏதோ இருக்கிறது என்று கவனிக்கவும் சிறந்தது. எண்ணைப் படிக்க உதவாது. ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற ஒற்றைக்கண் தொலைநோக்கி 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும். சேற்றுநிலத்தில் நிற்கும் கூட்டத்தை நிதானமாக அலச அதற்கு ஈடில்லை. ஆனால் முக்காலி வேண்டும், எடை அதிகம், வீட்டுச் சன்னலுக்கு வசதிப்படாது. நடுப்பகல் வெயிலில் சேற்றின் மேல் காற்று நடுங்கும்போது 60 மடங்கு வைத்தால் எழுத்தும் சேர்ந்து நடுங்கும்.

என் தேர்வு, நிக்கான் பி950 போன்ற நீள ஜூம் கேமரா. படத்தின் தரத்தில் விலையுயர்ந்த லென்ஸ்கள் இதைத் தோற்கடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நமக்குத் தேவை அழகான படம் இல்லை, சாட்சி. உலோக வளையத்தில் எண்கள் காலைச் சுற்றி ஓடும். ஒரு பக்கம் பார்த்தால் இரண்டு மூன்று இலக்கம்தான் தெரியும். பறவை திரும்பத் திரும்பத் தொடர்ச்சியாகப் படங்கள் எடுத்து, பிறகு உட்கார்ந்து இலக்கங்களைக் கோத்தால்தான் முழு எண் கிடைக்கும். ஸ்கோப்பில் கண்ணால் படித்த எண்ணை இன்னொருவர் சரிபார்க்க முடியாது, படத்தை முடியும். கைத்தொலைபேசியைத் தொலைநோக்கியின் கண்ணில் ஒட்டி எடுக்கும் வழியும் உண்டு. அசையாமல் நிற்கும் கொக்குக்குச் சரி, தத்தித் திரியும் சின்னக் குருவிக்கு அது வெறும் பொறுமைச் சோதனை.

கரையோரப் பறவைகளுக்கு வேலை இதைவிட எளிது. அவற்றின் காலில் பிளாஸ்டிக் கொடி, அதாவது கொடிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு வண்ணப் பட்டை, இருக்கும். வண்ணமே ஊரைச் சொல்லிவிடும். ஆர்க்டிக்கிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை நீளும் நம் வலசைப் பாதையில், எந்த ஊருக்கு எந்த வண்ணம் என்று முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கு ஆரஞ்சு, அந்நாட்டின் வடமேற்குக்கு மஞ்சள், சிங்கப்பூருக்குப் பச்சையும் வெள்ளையும். இங்கே கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. இரண்டு கொடி இருந்தால் மேலே எது, கீழே எது, எந்தக் கால், காலின் நடு மூட்டுக்கு மேலா கீழா என்ற மூன்றையும் எழுத வேண்டும். இடது என்றால் பறவையின் இடது, பார்ப்பவரின் இடது அல்ல. பவளக்காலி என்ற கரையோரப் பறவை ஒற்றைக் காலில் நின்று மற்றதை வயிற்றுச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டால், அந்தக் காலில் ஒன்றுமில்லை என்று எழுதிவிடக்கூடாது. "தெரியவில்லை" என்று எழுத வேண்டும். வெயிலில் வண்ணம் வெளுக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். வெளிறிய ஆரஞ்சை மஞ்சள் என்று முடிவுகட்டினால் பறவையின் ஊரே மாறிவிடும்.

பார்க்கச் சிறந்த இடம் வீடா, சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகமா என்று கேட்டால், எண்ணிக்கையில் சுங்கை பூலோவே வெல்லும். அங்கே 1990 முதல் பறவைகளுக்கு வளையம் போட்டு வருகிறார்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை, கடல் ஏறும் நேரம் பார்த்துப் போக வேண்டும். மண்டாய் சேற்றுநிலம் நீரில் மூழ்கும்போது பறவைகள் குளங்களுக்கு வந்து, பறவை பார்ப்போர் ஒளிந்து நிற்கும் மறைவிடத்துக்கு எதிரிலேயே கூட்டமாக ஓய்வெடுக்கும். தூரம் குறைகிறது, பறவையும் நிற்கிறது. கொடி படிக்க வேறென்ன வேண்டும்! ஆனாலும் வீட்டுச் சன்னலை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழுப்புக் கீச்சானும் தகைவிலானும் நம் புளோக் ஓரத்துக்கே வருகின்றன, அவற்றின் காலைப் பார்க்க அங்கே வேறு ஆள் இல்லை.

ஒரு குறுக்குவழி யோசனை எல்லோருக்கும் வரும்: சோறு வைத்துப் பறவையை அருகில் இழுத்தால் என்ன? ஊரில் காக்கைக்குச் சோறு வைத்துப் பழகிய கைக்கு இது இயல்பாகத் தோன்றலாம். இங்கே கூடாது. 2020 முதல் காட்டு விலங்குக்கும் பறவைக்கும் வேண்டுமென்றே உணவு கொடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். பறவையைப் பிடித்து எண் பார்க்கும் எண்ணமும் வேண்டாம். அதற்குப் பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

இனி யாருக்குச் சொல்வது. இதில்தான் பலர் வழி தவறுகிறார்கள். முகநூல் குழுவில் போட்டால் பத்து நிமிடத்தில் பதில் வரும், இனம் எதுவென்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். அதோடு நின்றுபோகும் ஆபத்தும் அங்கேதான் அதிகம். நூறு பேர் விரும்பிய படம் வளையம் போட்டவரின் கண்ணில் படாமலே போகலாம். அரிய பறவை என்றால் இடத்தைப் பார்த்துக் கூட்டமும் கூடிவிடும். கண்ட உயிரினங்களைப் பதியும் இணையதளங்களான ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் இரண்டும் பதிவேடாக மிக நல்லவை: தேதி, இடம், படம் எல்லாம் ஒழுங்காக நிலைத்திருக்கும். என்றோ ஒருநாள் ஆய்வுக்கும் பயன்படும். ஆனால் அங்கே எழுதிய வளைய எண் தானாக எந்த வளையத் திட்டத்துக்கும் போய்விடாது. அதை நாம்தான் அனுப்ப வேண்டும்.

அதனால் என் வரிசை இப்படி. பச்சை–வெள்ளைக் கொடி அல்லது எங்கிருந்து வந்தது என்று புரியாத வளையம் என்றால் தேசிய பூங்காக் கழகத்துக்கு எழுதுங்கள். சுங்கை பூலோ அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது, மற்ற நாட்டு ஆய்வாளர்களோடு தொடர்பும் உண்டு. ஊர் தெளிவாகத் தெரிந்தால் அந்த ஊருக்கே நேராக எழுதுவது வேகமான வழி: ஆஸ்திரேலியாவுக்கு 1953 முதல் இயங்கும் அவர்களது பறவை, வௌவால் வளையத் திட்டம், ஜப்பானுக்கு யமஷினா பறவையியல் நிலையம். இந்திய வளையத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் ஆங்கில வரி பொறித்திருக்கும். நம் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் போட்டு வருவதும் அவர்கள்தான். தஞ்சைப் பக்கத்து உறவுகள் உள்ளவர்களுக்கு அந்த வரியைப் படிக்கும்போது மனம் சும்மா இருக்குமா? அனுப்பிவிட்டு, பிறகு ஈபேர்டிலும் போடுங்கள். முகநூல் கடைசியில்.

அமைப்பிலிருந்து பதில் வர நாளாகலாம், முகநூல் வேகம் இருக்காது. ஆனால் வரும் பதிலில் பறவைக்கு எங்கே, என்று வளையம் போட்டார்கள் என்பது இருக்கும். சுங்கை பூலோவில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய பவளக்காலிகள் இமயத்தைத் தாண்டி திபெத்தியப் பீடபூமிக்குப் போனது தெரியவந்திருக்கிறது. அந்தக் கருவியை எல்லாப் பறவைக்கும் மாட்ட முடியாது. எடை, செலவு இரண்டும் தடை. மீதிப் பறவைகளுக்குக் கொடியும் அதைப் படிக்கும் கண்ணும்தான்.

செத்துக் கிடக்கும் பறவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அக்டோபர், நவம்பர் மாதங்களில் இரவு வலசை வரும் பறவைகள் கண்ணாடிக் கட்டடங்களில் மோதி விழுவதுண்டு. தமிழ்நாட்டில் காணும் ஆறுமணிக்குருவியின் நெருங்கிய சொந்தமான நீலச்சிறகுத் தோட்டக்கள்ளன் இதில் அடிக்கடி பலியாகிறது. காலைப் பாருங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். வளையம் இருந்தால் கழற்றாமல் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, இடமும் நேரமும் குறித்துப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லுங்கள். வளையம் இல்லாவிட்டாலும் சொல்லலாம், லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் இப்படி இறந்த பறவைகளை ஆய்வுக்காகச் சேகரிக்கிறது. உயிர் இருந்தால் எண்ணுக்காக நேரம் கடத்தாமல் மீட்புக் குழுவை அழையுங்கள். வளையத்தை அவர்களே படித்துக்கொள்வார்கள்.