மூன்று ஆண்டு ஓடிய ரிட்டர்ன் லைன்: எது தாங்கியது, எதை மாற்ற வேண்டி வந்தது

நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரமுள்ள கடல்நீர்த் தொட்டி, ஏறத்தாழ 450 லிட்டர். கீழே கேபினெட்டுக்குள் மூன்று அடி நீள சம்ப், அதாவது தொட்டி நீர் வழிந்து சேரும் கீழ்த்தொட்டி. அதிலிருந்து 24 வோல்ட் டி.சி. பம்ப் ஒன்று, ஒரு இஞ்ச் ஷெட்யூல் 40 யு.பி.வி.சி. குழாய் வழியாகத் தண்ணீரை ஒன்றரை மீட்டர் மேலே தொட்டிக்குத் திருப்பி ஏற்றுகிறது. இதுதான் ரிட்டர்ன் லைன். பொருத்திய அன்று எந்த லைனும் நன்றாகத்தான் ஓடும். உப்பும் சுண்ணாம்பும் கரண்ட் கட்டும் சேர்ந்து மூன்று ஆண்டுகள் சோதித்த பிறகு தெரிந்தவைதான் இங்கே அதிகம்.

பம்ப் பெட்டியில் மணிக்கு 6,000 லிட்டர் என்று போட்டிருக்கும். அது தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. இந்தத் தொட்டிக்கு மணிக்கு 2,200 முதல் 2,400 லிட்டர், அதாவது கொள்ளளவைப் போல ஐந்து மடங்கு, போதும். பவளங்களுக்கு வேண்டிய வேகத்தை வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் தனிக் கருவி) கொடுக்கும். அந்த வேலையை ரிட்டர்ன் பம்ப் தலையில் கட்ட வேண்டாம். உண்மையான ஓட்டத்தை அறிய 10 லிட்டர் வாளியும் கைபேசியும் போதும். லைனின் கடைசி வாயான நாசிலுக்கடியில் பிடித்தால் 15 விநாடியில் வாளி நிறைய வேண்டும். அதுதான் மணிக்கு 2,400.

குழாய் அளவில் கஞ்சத்தனம் கூடாது. 2,400 லிட்டர் ஓடும்போது ஒரு இஞ்ச் குழாயில் நீரின் வேகம் விநாடிக்குச் சுமார் 1.2 மீட்டர். முக்கால் இஞ்சில் 1.9, அரை இஞ்சில் 3.4. ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் இரைச்சலும் உராய்வும் தெரிய ஆரம்பிக்கும். முக்கால் இஞ்சில் உராய்வு இழப்பு ஒரு இஞ்சைவிட மூன்று மடங்குக்கும் மேல். பம்பின் வாய் முக்கால் இஞ்சாக இருந்தாலும் அங்கேயே ரெடியூசர் போட்டு ஒரு இஞ்சுக்கு ஏறிவிடுங்கள். ஒரு இஞ்ச் எல்போ ஒவ்வொன்றும் முக்கால் மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நேர்க் குழாய்க்குச் சமம். ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதிலாக இரண்டு 45 டிகிரி போட்டால் ஓட்டம் கூடும் என்று பலர் சொல்வார்கள்; கணக்குப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வளைவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே வழி. இந்த லைனில் எல்போ மூன்றே மூன்று.

கடையில் சாமான் வாங்கும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. நம் ஊர்க் கடைகளில் 'ஒரு இஞ்ச்' என்று கேட்டால் மூன்று விதமான குழாய் வரும். ஷெட்யூல் 40 யு.பி.வி.சி.யின் வெளிவிட்டம் 33.4 மில்லிமீட்டர். வெந்நீர் லைனுக்கான மஞ்சள் கலந்த வெள்ளை சி.பி.வி.சி. 28.6. விவசாயத்துக்கு வரும் பி.வி.சி. 32. இந்த 32-ஐ யு.பி.வி.சி. எல்போவில் செருகினால் லேசாக ஆடும். சொல்யூஷன் நிறையப் பூசி உட்கார வைத்துவிடலாம், சில மாதம் பிடிக்கவும் செய்யும். பிறகு அந்த மூட்டில் வெள்ளையாக உப்புப் பூக்கும். வெளிநாட்டு யூனியன்கள் (திருகிக் கழற்றும் இணைப்புகள்) பல 25, 32 மில்லிமீட்டர் கணக்கில் வருபவை. அவற்றுக்கும் இதே கதிதான். எல்லாமே ஒரே முறையில், முடிந்தால் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். குழாயின் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பார்த்து வாங்குவது இன்னும் நல்லது.

அதைவிட ஆபத்தானது பித்தளை. எம்.டி.ஏ. (வெளிமரை அடாப்டர்), எஃப்.டி.ஏ. (உள்மரை அடாப்டர்), குழாயடி எல்போ ஆகியவற்றில் மரை உள்ள பகுதியைப் பித்தளையில் வைத்தே நிறைய வருகிறது. வீட்டு பிளம்பிங்குக்கு அது நல்ல சாமான், கடல்நீர்த் தொட்டிக்கு விஷம். உப்புநீரில் பித்தளை அரித்துச் செம்பு கரையும். இறாலும் நத்தையும் பவளமும் அதைத் தாங்காது. செம்பு பாறையிலும் மணலிலும் படிந்துகொள்வதால், பிறகு எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் எளிதில் போகாது. முழுக்க பிளாஸ்டிக் மரை உள்ளதை மட்டும் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் எஃப்.டி.ஏ.யை ஸ்பேனரால் இறுக்க வேண்டாம். மரை ஆப்புப்போல உள்ளே இறங்கி, மயிரிழை விரிசலை உண்டாக்கும். அது மாதக்கணக்கில் கழித்தே வெளியே தெரியும். டெஃப்லான் டேப் மூன்று நான்கு சுற்று, கையால் இறுக்கம், அதன் மேல் கால் திருப்பு. அவ்வளவு போதும்.

ஒட்டும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அறுத்த விளிம்பின் பிசிறை உள்ளும் புறமும் உப்புத்தாளால் எடுத்து, சொல்யூஷன் பூசி, கால் சுற்றுத் திருப்பிச் செருகி அரை நிமிடம் பிடிக்க வேண்டும். குழாய்க்குள் சொல்யூஷனைக் கொட்டினால் அங்கே ஒரு திட்டு நின்று ஓட்டத்தைக் குறைக்கும். 24 மணி நேரம் காயவிட்டு, நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஓட்டிக் கொட்டிய பிறகே உப்புநீர்.

பம்புக்கும் குழாய்க்கும் நடுவே 20 சென்டிமீட்டர் சிலிகான் ஹோஸ் வைத்தால் பம்பின் அதிர்வு குழாய்க்கு ஏறாது. படுக்கையறை ஒட்டியுள்ள வீட்டில் இது பெரிய நிம்மதி. சிலிகான் இதுவரை மென்மை இழக்கவில்லை. முதலில் போட்ட கண்ணாடிபோன்ற பி.வி.சி. ஹோஸ் இரண்டாம் ஆண்டே விறைத்தது, வெளிச்சம் பட்ட இடத்தில் உள்ளே பாசியும் பிடித்தது. சாதாரண ஸ்டெயின்லெஸ் கிளிப்பும் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் கிளிப் போடுங்கள்.

யூனியன் இரண்டு: பம்புக்கு மேலே ஒன்று, தொட்டியின் பின்புறம் ஒன்று. லைனில் செலவு செய்யத் தகுந்த இடம் இதுதான். யூனியன் இல்லாவிட்டால் பம்பைக் கழுவவே ஆக்சா பிளேடு எடுக்க வேண்டி வரும். அதனாலேயே கழுவுவது தள்ளிப்போகும். அதற்குள் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். வாசலின் வேண்டாம், பெட்ரோலியம் சேர்ந்தால் சிலவகை ரப்பர் ஊதிப்போகும். டி.சி. பம்பின் ஓட்டத்தைக் கன்ட்ரோலரிலேயே குறைக்கலாம், அதற்காக வால்வை நெரிக்கத் தேவையில்லை. வால்வால் நுட்பமாகச் சரிசெய்ய வேண்டியது, தொட்டியிலிருந்து சம்புக்குக் கீழே இறங்கும் ஓவர்ஃப்ளோ லைனில்.

இனி கரண்ட் போகும் நேரம். பம்ப் நின்றதும் நாசில் வழியே தண்ணீர் சைபன் ஆகித் திரும்பி இறங்கும். நாசில் வாய்க்குள் காற்று நுழையும் வரை நிற்காது. இந்தத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் 7.4 லிட்டர். நாசில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 37 லிட்டர் இறங்கும். குழாய்க்குள் நிற்பது ஒரு லிட்டர்கூட இல்லை. பயப்பட வேண்டியது நாசிலின் ஆழத்துக்கு. 90க்கு 45 சென்டிமீட்டர் அளவுள்ள சம்பில் 37 லிட்டர் என்றால் ஒன்பது சென்டிமீட்டர் உயர்வு. ஓடும் மட்டம் விளிம்பிலிருந்து எட்டு சென்டிமீட்டரில் இருந்தால் மீதி தரையில்.

இதற்கு, தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வைப் பலரும் போடுகிறார்கள். இந்த லைனில் போடவில்லை, இனியும் போடுவதாக இல்லை. ஒரு மணல் துகளோ கோரலைன் (சுண்ணாம்பாக இறுகும்) பாசியின் செதிலோ மடலில் சிக்கினால் வால்வு முழுதாக மூடாது. இரவு முழுக்கச் சொட்டிச் சொட்டி அதே அளவு இறங்கிவிடும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே எல்போவில் போடும், காற்றை உள்ளே விட்டு சைபனை முறிக்கும் 4 மில்லிமீட்டர் துளை அதைவிட நல்லது. ஆனால் அதையும் பாசி, குட்டி நத்தை, சுண்ணாம்பு அடைக்கும். இரண்டு துளையாகப் போட்டு மாதம் ஒருமுறை பல்குத்தியால் குத்திவிட வேண்டும். நம்பத்தக்க ஏற்பாடு நாசிலையே நீர்மட்டத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே வைப்பதுதான். அப்போது இறங்குவது 15 லிட்டருக்குள். பம்பை வேண்டுமென்றே நிறுத்தி, தண்ணீர் ஏறி நின்ற இடத்தில் சம்பின் மேல் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் இன்னும் ஐந்து சென்டிமீட்டராவது காலியாக இருக்க வேண்டும். பல துண்டுகளைக் கோத்து வளைக்கும் லாக்-லைன் நாசிலின் மூட்டுகள் காலப்போக்கில் தளர்ந்து தானாகக் குனியும். அதனால் இந்தச் சோதனையை மாதாமாதம் செய்ய வேண்டும்.

கரண்ட் வந்ததும் சில ஏ.சி. பம்புகள் கிளம்பாமல் உறுமிக்கொண்டே நிற்கும்; சதுர அலை இன்வெர்ட்டரில் சூடும் ஏறும். 24 வோல்ட் பம்பைப் பேட்டரியிலேயே ஓட்டலாம்; டி.சி.யைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே போதுமான காரணம்.

நான்கு மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். இம்பெல்லரை (பம்புக்குள் சுழலும் விசிறி) சுற்றிய சுண்ணாம்பு நுரைத்துக் கரையும்; பிரஷால் தேய்த்து நன்றாக அலச வேண்டும். அதன் பிறகும் வாளி நிறைய 20 விநாடி ஆகிறது என்றால் அடைப்பு பம்பில் இல்லை. நாசிலையும் கடைசி எல்போவையும் கழற்றிப் பாருங்கள். குழாய்ப்புழுவும் கடற்பஞ்சும் அங்கேதான் குடியேறும். ஒரு இம்பெல்லர், இரண்டு ஓ-ரிங், 30 சென்டிமீட்டர் சிலிகான் ஹோஸ் ஆகியவை கேபினெட்டிலேயே கையிருப்பில் இருக்கட்டும்.